மைனா திட்டிவிட்டுப் போனது

அந்தத் தோப்பில் யார் எது சொன்னாலும் பக்கத்து மரத்துக் காக்கை, சொன்னவர் பெயரோடு அதை அப்படியே திருப்பிக் கத்தும். பிறகு அதற்கடுத்த மரம். ஒரே சங்கதியை நாளெல்லாம் கேட்டு மைனாவுக்குக் காது புளித்துப்போயிற்று. "எச்சில் பொறுக்கிகளா" என்று திட்டிவிட்டு, ரோட்டோர ஓட்டல்காரர் ஒருவர் பறவைகள் கூடிப் பேசுவதற்கென்றே கட்டிய கண்ணாடிக் கூடத்துக்குக் குடிபோனது.

அங்கே ஓசித் தினை, மின்விசிறி. யார் என்ன பேசினாலும் ஞாபகம் வைத்துக்கொள்ள ஓட்டல்காரரின் கிளி ஒன்று. புழு கிடைக்கும் இடம், பூனை வரும் வழி என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் மைனா அதனிடம் கொட்டியது.

ஒருநாள் ஓட்டல்காரர் கூடத்தை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணினார். கிளியை யாருக்கோ விற்றுவிட்டார்.

மைனா தோப்புக்குத் திரும்பி வந்து மூத்த காக்கையிடம் அழுதது. "நான் சொன்னது ஒண்ணுகூட மிஞ்சலையே, அண்ணே."

"ஒண்ணு இருக்கே" என்றது காக்கை.

தோப்பின் கோடியிலிருந்து குரல் வந்தது: "எச்சில் பொறுக்கிகளா. மைனா சொன்னது."

மைனா கூனிக்குறுகிப்போயிற்று. "அதை நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

"யாருகிட்டம்மா சொல்ல? இங்க முதலாளின்னு யாரும் இல்லையே."

அதற்குள் பக்கத்து மரம் ஆரம்பித்துவிட்டது: "அதை நிறுத்தச் சொல்லுங்கண்ணே. மைனா சொன்னது."