வாயாடியின் வளையம்

‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பது காலங்காலமாக நம்மிடையே உலவிவரும் பிழை. யாராவது திருத்தியாக வேண்டும். பிழைக்க வாய் எதற்கு? ஒரு வளையமும் அதில் கோத்த சில பட அட்டைகளும் போதும் என்று அந்தச் சிறப்புப் பள்ளியில் பெற்றோருக்கு வகுப்பே நடக்கிறது.

தண்ணீர், பசி, கழிவறை, போதும், வலிக்குது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பேச்சு வராத பிள்ளை வேண்டியதைத் தேடி எடுத்துக் காட்டும்.

பெற்றோர் உதவி அறையின் பொறுப்பாளர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஒரு தாய் இந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

“மறுபடியும் ‘வலிக்குது’ அட்டையா?”

“ஆமா மேடம். காணோம்.”

“போன வாரம்தானே புதுசு குடுத்தேன்? மத்ததெல்லாம் பத்திரமா இருக்கு. இதுக்கு மட்டும் கால் முளைச்சிடுதா?”

“தெரியல மேடம். வாயாடி ஸ்கூல் விட்டு வரும்போதே வளையத்துல இல்ல.”

வாயாடி என்பது அவள் மகளின் செல்லப்பெயர். மகள் இதுவரை ஒரு சொல்கூடப் பேசியதில்லை.

“அப்ப நாங்க எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கோமா? நல்லா இருக்கும்மா. வகுப்புல என்ன சொல்லிக் குடுத்தேன்? அந்த அட்டையைப் பிள்ளை காட்டினா...”

“கையில இருக்கற வேலையை உடனே நிறுத்தணும். எங்க வலிக்குதுன்னு பாக்கணும்.”

“ஒப்பிக்க மட்டும் நல்லா வருது.”

தண்ணீர் பிடிக்க வந்த பிசியோதெரபிஸ்ட் சிரித்தார்.

“விடுங்க மேடம். பிள்ளையைத் தொலைக்காம கூட்டிட்டு வராங்களே, அதுவே பெரிசு.”

தாயும் சிரித்து வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

“அட்டை இல்லேன்னா கையைக் கடிச்சுக்கறா மேடம். நேத்து ரத்தமே வந்துடுச்சு.”

“சரி, செஞ்சு தரேன். இதுதான் கடைசி.”

மறுநாள் அட்டை தயார். ஓட்டை போட்டால் வளையத்தில் மாட்டிவிடலாம். ஓட்டை போடும் மெஷினைப் பிசியோதெரபிஸ்ட் இரவல் வாங்கிப் போயிருந்தார். பொறுப்பாளர் அவர் அறைக்குப் போனார்.

பாயில் வாயாடி. பிசியோதெரபிஸ்ட் மண்டியிட்டு, விறைத்துப்போன அவள் காலை நீட்டிக்கொண்டிருந்தார். வாயாடியின் ஒரு கை வாயில். இன்னொரு கை வளையத்தில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளியது. கடைசி அட்டை வந்ததும் மறுபடி முதலிலிருந்து தள்ளியது.

“மேஜை டிராயர்ல இருக்கு, எடுத்துக்குங்க” என்றார் அவர், திரும்பாமலே.

டிராயரில் மெஷின் இருந்தது. அதன் அடியில் ‘வலிக்குது’ அட்டைகள் இருந்தன. பொறுப்பாளர் இதுவரை செய்து கொடுத்த அத்தனையும்.

“என்ன சார் இது?”

“ஓ, அதுவா?” அவர் குரலில் குற்றவுணர்ச்சி துளியும் இல்லை. “காலைத் தொட்டாலே எடுத்துக் காட்டறா. காட்டினா நிறுத்தணும்னு விதி போட்டது நீங்கதானே? நிறுத்தி நிறுத்திச் செஞ்சா கால் என்னிக்கு நேராகும்? எல்லாம் அவ நல்லதுக்குத்தான் மேடம்.”

“அதுக்காக? இனிமே இந்த அட்டை மேல கை வைக்கக் கூடாது.”

“சரி, வைக்கல.”

மாலையில் தாய் வந்தாள். பொறுப்பாளர் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். சக ஊழியர், பள்ளியின் பெயர், மற்ற பெற்றோர் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

“இந்தாம்மா புது அட்டை. இனிமேலாவது பத்திரமா வெச்சுக்கோ.”

“சரிங்க மேடம். என் தப்புதான்.”

பிசியோதெரபிஸ்ட் சொன்ன சொல் தவறாதவர். ‘வலிக்குது’ அட்டையை அவர் பிறகு தொடவே இல்லை.

அடுத்த வாரம் அந்தத் தாய் மறுபடியும் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“கோவிச்சுக்காதீங்க மேடம். ‘வலிக்குது’ பத்திரமா இருக்கு. இப்ப ‘போதும்’ அட்டையைக் காணோம்.”