கொடும்பாவியின் தொப்பி

"இந்த முதுகு யாரோடதுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நம்ம சோலி முடிஞ்சுது" என்றான் ஜெஃப்ரி.

நூலகத்து மாடியில், நீள மேசையின் மேல் அந்தப் படம் கிடந்தது. 1957 நவம்பர் ஐந்து, இங்கிலாந்து முழுக்கக் கொடும்பாவி கொளுத்தும் இரவு; டானரி தெருச் சொக்கப்பனை. பத்திரிகைக்காரன் எடுத்த படம். விறகுக் குவியலின் உச்சியில் நாற்காலி போட்டு உட்கார வைத்த வைக்கோல் கொடும்பாவி. அதன் தலையில் நிஜத் தொப்பி.

சுற்றி நின்ற பிள்ளைகளின் முகங்களுக்குக் கீழே ஊர் வரலாற்றுக் குழுக்காரர்கள் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். வாய் கொள்ளாத மிட்டாயோடு நின்றவன் ஜெஃப்ரியின் அப்பா.

சீட்டு இல்லாதவள் ஒருத்திதான். முதுகைக் காட்டிக்கொண்டு, கொடும்பாவியின் காலடியில் பந்தத்தை நீட்டும் சிறுமி.

"அந்தக் கட்டம் போட்ட கோட்டு உங்க சக்டன் வீட்டுது" என்றாள் ஷீலா. "பழசாகி அப்புறம் எனக்குத்தான் வந்துச்சு. உங்கம்மா ஒரே துணியில ரெண்டு பேருக்கும் தச்சிருந்தாங்க. சொல்லு பெரில், சொந்த அப்பன் தொப்பியவே கொளுத்தின மகராசி யாரு? நீயா, உங்கக்காவா?"

யாரோ சிரித்தார்கள்.

பெரில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

வருகிற சனிக்கிழமை இந்தப் படம் ஆளுயரத்துக்குப் பெரிதாகி நகர மன்றச் சுவரில் ஏறுகிறது. தெருவின் பழைய குடி என்று அவளைத்தான் ரிப்பன் வெட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் வருகிறார்கள்.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அக்கா நார்மா. வாதம் வந்து மூன்று வருஷம். வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. காது மட்டும் பாம்புக் காது.

பெரில் அக்காவைக் கை காட்டினாள்.

"அடப்பாவமே!" என்றாள் ஷீலா, சந்தோஷமாக.

"அவளையும் குத்தம் சொல்ல முடியாது" என்றாள் பெரில். "கம்பளி ஆலையில ஊரே வேலைநிறுத்தம். எங்கப்பா மட்டும் உள்ள போனாரு. கருங்காலி மகள்னு தெருவுல யாரும் கயிறு தாண்டக்கூடச் சேத்துக்கல. அப்பன் தொப்பியக் கொண்டா, பொம்மைய நீயே கொளுத்தலாம்னாங்க. ஆணியில தொங்கிச்சு. நாற்காலி மேல ஏறி எடுத்துட்டா."

"கூட நின்னு பாத்த மாதிரியே சொல்றீங்களே!" என்றான் ஜெஃப்ரி.

அன்றிரவு பெரிலின் அப்பா வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து தன் தொப்பி எரிவதைப் பார்த்தார். பிறகு இரண்டு பெண்களையும் நிற்க வைத்துக் கேட்டார். பெரில் அக்காவைக் கை காட்டினாள். நார்மா மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து அவர் அவளோடு பேசவும் இல்லை. சாகிற வரைக்கும், பத்தொன்பது வருஷம். ஒரே மேசையில் சாப்பிடும்போதுகூட, "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு அவளை" என்று பெரிலிடம்தான் சொல்வார். பெரில் சொல்வாள். நார்மா தள்ளுவாள்.

ஜெஃப்ரி பூதக்கண்ணாடியை எடுத்தான்.

"பந்தம் இடது கையில இருக்கே."

மேசைக்கு அடியில் பெரிலின் விரல்கள் மடங்கின.

"அவ பொறந்ததுலேர்ந்தே பீச்சாங்கை" என்றாள். "கடவுள் கருணையப் பாருங்க, வாதம் வந்தப்போ அவளுக்கு வேண்டாத கையத்தான் எடுத்துக்கிட்டாரு."

எல்லோரும் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள்.

நார்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. உலைமூடி அசைவது போல. ஜெஃப்ரி குனிந்தான். "என்ன சொல்றாங்க?"

"ஆமாங்கிறா."

அவன் 'நார்மா சக்டன்' என்று எழுதி, அந்த முதுகுக்குக் கீழே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினான். பிறகு ஒரு படிவத்தைப் பெரிலிடம் நகர்த்தினான். "அடையாளம் சொன்னவங்க கையெழுத்து."

பெரில் பேனாவை வலது கையால் வாங்கி, அழகாகக் கையெழுத்துப் போட்டாள். முதல் வகுப்பில் ஆசிரியை மர அளவுகோலை வைத்துக்கொண்டு, வருஷம் முழுக்க விரல் முட்டியில் அடித்து அடித்து உண்டாக்கிய கையெழுத்து. இப்போதும் கோணாது.

தேநீர் வந்தது.

நார்மா இடது கையை நீட்டிக் கோப்பையைத் தூக்கினாள். பாதி வழியில் கோப்பை சாய்ந்து மடியெல்லாம் கொட்டியது.

'மூணு வருஷமாச்சு, இன்னும் அந்தக் கை உனக்குப் பழகல பாரு' என்று வீட்டில் தினமும் சொல்வது பெரிலின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கைக்குட்டையை உருவி, குனிந்து, அக்காவின் மடியைத் துடைத்தாள்.

நார்மா மடியைப் பார்க்கவில்லை. துடைக்கிற கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது இடது கை.