எங்காத்து வழி

குழந்தையிடம் எது நன்றாக இருந்தாலும் அது தங்கள் குடும்பத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள் சூடாமணி.

வெங்கடரமணனின் அக்கா அவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை ஆளாக்கிவிட்டு, மயிலாப்பூரில் அவனுடனேயே இருந்தாள். டெலிபோன் ஆபீசில் வேலை. டிரங்க் கால் காலத்தில் கத்திப் பழகிய குரல், எஸ்.டி.டி. வந்த பிறகும் இறங்கவில்லை. வீட்டில் ரகசியம் பேசினால் தெருமுனை ஆட்டோக்காரர்கள் பதில் சொல்வார்கள்.

தம்பி பிள்ளை சாய்நாத் பிறந்ததும், மூக்கு எங்காத்து மூக்கு என்றாள். அவன் "ங்கா" என்று இழுத்தபோது, சுருதி எங்காத்து சுருதி என்றாள்.

குழந்தையின் தாய் வத்ஸலா. அவளுடைய அப்பா ஸ்ரீரங்கன், மேற்கு மாம்பலத்திலிருந்து வாரா வாரம் பேரனைப் பார்க்க வருவார். ஒருநாள் கொஞ்சம் துணிந்து, காது மட்டும் எங்கள் பக்கம் போலிருக்கிறது என்றார். சூடாமணி குழந்தையின் காதை மடித்துப் பார்த்துவிட்டு, மேல் பாதி வேண்டுமானால் இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தாள்.

பெண்ணைக் கொடுத்தவர். காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஒன்றரை வயதில் குழந்தைக்குக் கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் குறையவில்லை. வயிறு வீங்கியது. காலையில் எழுப்பினால் தலை துவண்டது. அடையாறில் டாக்டர் கைசர் ஜஹானிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் பொறுமையாக விளக்கினார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் சக்தி தயாரிக்கிற அடுப்பு மாதிரி ஒன்று உண்டு, அதற்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். இவனுக்கு அது சரியாக எரியவில்லை, அதனால் கல்லீரல் களைத்துப்போகிறது. பிறவியிலேயே வந்தது. பெரிதாக மருந்து கிடையாது. ராத்திரியானாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊட்ட வேண்டும். வயிறு காலியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

பிறவி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள் வத்ஸலா. என் வயிற்றில் பிறந்த பாவம்தானே என்று சாப்பாட்டை விட்டாள். கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்துக் குழந்தையும் வாயை மூடிக்கொண்டது. தட்டிக் கொடுத்தும் மிரட்டியும் வெங்கடரமணனால் ஒரு ஸ்பூன்கூட இறக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே சூடாமணி அறிவித்தாள்.

"இது எங்காத்து வியாதி."

அவளுடைய பெரியப்பா பிள்ளை ஒருவன் இதே மாதிரி மஞ்சளாகி, மூன்று வயதில் போய்விட்டானாம். எதிர்வீட்டில் சொன்னாள். பால் பூத் வரிசையில் சொன்னாள். மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னாள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு ஒரு தங்கை முளைத்தாள். அவளுக்கும் மஞ்சள்தான்.

வத்ஸலாவுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. கோபத்தில் பசியும் வந்தது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணமும் கையுமாக நாத்தனாரை நேருக்கு நேர் கேட்டாள்.

"உங்காத்து வியாதியை என் குழந்தை தலையில கட்டிட்டேளே, அக்கா."

"கட்டியாச்சு. இனிமே என்ன பண்றது? நீ அடுத்த ஸ்பூனைக் கொடு" என்றாள் சூடாமணி.

குழந்தை வாயைத் திறந்தது.

ஸ்ரீரங்கனுக்குத்தான் பொறுக்கவில்லை. மூக்கில் பெருமை, சரி. நோயிலுமா பெருமை? அதோடு இன்னொன்றும் உறுத்தியது. குடும்பத்தில் இப்படி ஒரு வியாதி இருப்பதைப் பெண் பார்க்க வந்தபோது ஏன் சொல்லவில்லை? நாலு பேரை வைத்துக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். அதற்கு முன் டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும்.

அடுத்த முறை அடையாறுக்கு அவரும் கூடப் போனார். குழந்தையைப் பார்த்து முடித்து எல்லோரும் வெளியே வந்ததும், குடையை மறந்துவிட்டதாகச் சொல்லி மறுபடி உள்ளே நுழைந்தார்.

"டாக்டர், இது அவா வழி வியாதின்னு அந்தம்மாவே ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருக்க வேண்டாமா? நீங்களே நியாயம் சொல்லுங்கோ."

டாக்டர் பேனாவை மூடினார்.

"இவனுக்கு வந்திருக்கறது அப்பா வழியில வராது சார். அந்த அடுப்பு, அம்மாகிட்டேருந்து மட்டும்தான் குழந்தைக்கு வரும்."

ஸ்ரீரங்கன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மாவுக்கு இது தெரியாதா என்று கேட்டார்.

"ரிசல்ட் வந்த அன்னிக்கே அவங்க என்னைத் தனியா வந்து கேட்டாங்க. சொன்னேன். அடுத்த குழந்தைங்கற பேச்சு வர்றதுக்கு முன்னால உங்க பொண்ணுகிட்ட நான் சொல்லியே ஆகணும்னேன். 'இவன் கொஞ்சம் தேறட்டும் டாக்டர், அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்'னாங்க. எப்படிப் பாத்துக்கறாங்கன்னு இப்பதான் தெரியுது."

வெளியே பெஞ்சில் வத்ஸலா குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சூடாமணி பக்கத்திலிருந்த ஒருத்தியிடம் பெரியப்பா பிள்ளையின் கடைசி நாட்களை விவரித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இவ்வளவு நேரம் என்னப்பா? டாக்டர் என்ன சொன்னா?" என்று கேட்டாள் வத்ஸலா.

சூடாமணியின் குரல் பாதியில் நின்றது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்ன சொல்றது, எல்லாம் அவா வழிதானாம்" என்றார் ஸ்ரீரங்கன். "அந்தப் பெரியப்பா பிள்ளையை நானே பாத்திருக்கேன்."