புளுகுமூட்டையின் பாலம்

பிற்பகல் வெயில் கேசட் கடைக் கண்ணாடியில் சாய்ந்து விழுகிறது. கடைக்காரப் பெண் பழைய வீடியோ கேசட்டை ஓடவிட, அவன் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருக்கிறான். கோடு கோடாக நடுங்கிய திரை மெல்லத் தெளிகிறது. மழையில் நனையும் மரப்பாலம். சிறுவயதில் அவனும் அண்ணனும் விளையாடிய வீடியோ கேம் வெளிவரும் முன் விளம்பரத்தில் காட்டி, பிறகு கேமிலிருந்து நீக்கிவிட்ட பாலம். பத்து வயதில் அதைப் பார்த்ததாகச் சொன்னதற்கு அண்ணன் வைத்த பெயர்தான் 'புளுகுமூட்டை'. இருபத்தைந்து வருடமாக அந்த விளம்பரத்தைச் சல்லடை போட்டுத் தேடியிருக்கிறான். போனில் அண்ணனை அழைக்கிறான். "அண்ணா, அந்த கேம் விளம்பரத்துல பாலம் இருக்குண்ணா! நான் புளுகல." "எந்தப் பாலம்டா?" என்கிறான் அண்ணன், நிஜமாகவே நினைவில்லாமல். "சரி, அப்புறம் பேசறேன்" என்று அண்ணனே வைத்துவிடுகிறான். திரை கறுக்கிறது. "இன்னொரு தடவ போடட்டுமா?" என்று கடைக்காரப் பெண் கேட்கிறாள். அவன் தலையாட்டுகிறான். போன் இன்னும் காதிலேயே இருக்கிறது.