மாதிரி பாட்டில்

நாலு லட்சம் மக்களின் உயிர் ஒரே ஒரு மனிதரின் கையில் இருந்தது. அந்தக் கை அப்போது வாஷ்பேசினில் ஒரு கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து, தடயம் தெரியாமல் கழுவிக்கொண்டிருந்தது.

குழாயில் இருந்த தண்ணீர் ரோஜா நிறமாக மாறியிருந்தது. நகராட்சிக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மேலாளர் குழாயை இன்னொரு முறை அலசினார்.

ஊரின் கோடியில் ஒரு தெரு முழுக்க வாந்திபேதி. இன்னும் அரை மணியில் பொதுச் சுகாதார அதிகாரி வந்து தண்ணீரைச் சோதிப்பார். தேறாவிட்டால் மேலாளர் சஸ்பெண்ட். அதிகாரிக்காக, நிலையத்தின் பரிசோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் லேப் அம்மா பிடித்து வைத்திருந்த மாதிரி பாட்டிலைத்தான் மேலாளர் திருட்டுத்தனமாக முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார்.

இருபத்தெட்டு வருட சர்வீஸில் தண்ணீரை அவர் காகிதத்தில்தான் பார்த்திருக்கிறார். நல்லவேளை, சோதனை டப்பாவின் மூடியிலேயே செய்முறை இருந்தது: தண்ணீரை ஊற்று, மாத்திரையைப் போடு, குலுக்கு. மூன்றாவது வரியிலேயே தண்ணீர் சிவந்துவிட்டதால், நாலாவது வரிக்கு அவர் போகவில்லை.

"எனக்கே குழி வெட்டிட்டாளே!" என்று பல்லைக் கடித்தார். அவர் மூன்று மெமோ கொடுத்த ஆத்திரத்தில் லேப் அம்மா எதையோ கலந்துவிட்டாள், வேறென்ன?

டிரைவரைக் கூப்பிட்டார். "கடையில சீல் வெச்ச தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வா, ஓடு!"

"தண்ணியா? இங்கதான் குளம் குளமா நிக்குதே சார்?"

"அதைக் குடிச்சு நான் சாகணுமா? போய்யா!"

அதிகாரி வந்தபோது மாதிரி பாட்டிலில் கடைத் தண்ணீர் நிறைந்திருந்தது. டப்பாவோடு வந்து நின்ற லேப் அம்மாவின் காதோரம் மேலாளர் சீறினார்: "உங்களுக்கு நாலாவது மெமோ டைப் ஆயிட்டிருக்கு."

"மெதுவா அடிக்கச் சொல்லுங்க சார். முதல் மூணுலயும் என் பேரே தப்பு."

"சாம்பிள் யார் எடுத்தது?" என்றார் அதிகாரி.

"நானேதான்! இந்த அம்மா கை அதுல படவே இல்ல."

லேப் அம்மா வாயைத் திறந்தார்.

"நீங்க பேசவே கூடாது!" மேலாளர் பாட்டிலோடு இருந்த மாதிரி விவரச் சீட்டை இழுத்து, 'என் நேரடிப் பொறுப்பில் எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார்.

அதிகாரி மாத்திரையைப் போட்டுக் குலுக்கினார். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. தண்ணீர் பளிங்காகவே நின்றது.

"பாத்தீங்களா!" மேலாளர் மேஜையைத் தட்டினார். "துளி கலர் இருக்கா? இதே தண்ணியைத்தான் சார் ஊருக்கே குடுக்கறோம். தினமும்!"

"தினமுமா?" அதிகாரி பேனாவைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார்.

லேப் அம்மா டப்பாவின் மூடியை மேலாளர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நாலாவது வரியைப் படிங்க சார். ரோஸ் கலர் வந்தாத்தான் குளோரின் இருக்கு, குடிக்கலாம்."