சிவக்காத மணிக்கட்டு

"தேங்காயை அரைச்சியா, கடிச்சுத் துப்புனியாட்டி?"

"அப்ப நாளைக்கு நீங்களே அரைங்க. உங்க அம்மா பாத்து மெச்சிக்கிடட்டும்."

கல்யாணமான புதிதில் தூத்துக்குடி வீட்டில் பொன்ராஜும் சுகிர்தாவும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். சண்டை முற்றிச் சிரிப்பில் முடியும்.

விபத்தில் சுகிர்தா ஒரு காலை இழந்தாள். மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஊர் மனத்தில் என்ன இருக்கிறது என்று அளக்கும் பட்டை அந்த ஆண்டுதான் எல்லார் மணிக்கட்டிலும் பூட்டப்பட்டது. அவர்கள்மேல் எரிச்சல் எழுந்தால் பட்டை சிவக்கும். சிவந்தவருக்கு வேலை போய்விடும். லிஃப்டில் அவளைக் கண்டவர்கள் வாய் வலிக்கச் சிரித்தார்கள். வீட்டில் பொன்ராஜும் அப்படித்தான் சிரித்தான்.

இன்று அவள் வேண்டுமென்றே, அவன் தன் தம்பி கல்யாணத்துக்கு ஆசையாக எடுத்திருந்த பட்டுச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பிடித்தாள். முதுகில் பெரிய ஓட்டை விழுந்தது.

பொன்ராஜ் சட்டையைப் பார்த்தான். உடனே மணிக்கட்டைப் பார்த்தான். மூச்சை இழுத்து மெல்ல விட்டான். பட்டை பச்சையாகவே இருந்தது.

"பரவாயில்லம்மா. வேற சட்டை போட்டுக்கிடுதேன்."

அவள் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. இந்தக் கனிவுக்குள் அவளுக்கு வருடக்கணக்காக மூச்சு முட்டியது. அவன் வேலையை நினைத்தே வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

ஊன்றுகோலை ஊன்றி அவன் எதிரே போய் நின்றாள்.

"வேலை போனா போவட்டும்ங்க. ஒரே ஒரு தடவை, என்னை நல்லா ஏசுங்க."