மூன்றாம் டிகாஷன்

வாசலில் சம்பந்தியம்மாள் குரல் கேட்டதும் காபி ஃபில்டர் பதறிப்போனது. காபித்தூள் விலை ஏறியதிலிருந்து, இந்த வீட்டில் காலையில் போட்ட தூளிலேயே திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றுகிறார்கள். இப்போது சொட்டிக்கொண்டிருப்பதோ மூன்றாம் டிகாஷன்.

"போச்சு! இந்தம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கப் போறாங்க. நம்ம வீட்டு மானமே போச்சுடா!"

"ஏண்ணே பதறுறீங்க?" என்றது டபரா. "ஒரு முழம் தூக்கி ஆத்துனா வெறும் வெந்நீர்கூட நுரை தள்ளும்ணே!"

ஆற்றினார்கள். நுரை ததும்பியது. சம்பந்தியம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே உற்றுப் பார்த்தாள். ஃபில்டர் பயத்தில் சொட்டுவதையே நிறுத்திவிட்டது.

அவள் முகம் மலர்ந்தது.

"அடடா! அச்சு அசல் எங்க வீட்டுக் காபி மாதிரியே இருக்கே!"